டிராக்டரில் எர்த் கோளாறும் வோல்டேஜ் இழப்பும்

வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலில் நாற்று முப்பது நாளை எட்டிவிட்டது. நடவு ஆட்களுக்கும் சொல்லியாயிற்று. விடியற்காலையில் சேற்றுழவுக்குக் கிளம்பலாம் என்று சாவியைத் திருப்பினால், டிராக்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. விளக்கு எரிகிறது; ஹார்ன் அடிக்கிறது; ஆனால் செல்ஃப் மோட்டார் மட்டும் சுற்றவில்லை. பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய டிராக்டரை வைத்திருக்கும் உழவர் பெருமக்களில் இந்த அனுபவம் இல்லாதவர் மிகச் சிலரே.

இத்தகைய வேளையில் நாம் பெரும்பாலும் பேட்டரியைத்தான் குறை சொல்கிறோம். சாவியைத் திருப்பும்போது விளக்கு மங்குவதைப் பார்த்ததும் அந்த முடிவு உறுதியாகிவிடுகிறது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதுப் பேட்டரி வாங்குகிறோம். அதுவும் கைகொடுக்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்புகிறோம். இவ்விரண்டும் நன்றாக இருந்து, எர்த் வயரின் முனையில் படிந்த துருவே காரணமாக இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. செலவு செய்யுமுன் அரைமணி நேரம் ஒதுக்கி, கோளாறு எந்த இடத்தில் என்பதை நீங்களே கண்டுபிடிக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

உழவியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்தத் தவற்றைச் செய்தவர்களில் நானும் ஒருவன். ஒரு பொங்கல் விடுமுறையில் எங்கள் வீட்டு டிராக்டருக்கு நானே வர்ணம் பூசினேன். மாட்டுப் பொங்கலுக்கு வண்டி புதிது போல் நின்றது. மூன்றாம் வாரம், அறுவடை செய்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்ற வேண்டிய நாளில், செல்ஃப் எடுக்கவில்லை. வானம் மூட்டமாக இருந்தது. களத்தில் நெல் திறந்து கிடந்தது. நகரத்துக் கடை ஒன்றில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். என் தந்தையார் மறுபேச்சில்லாமல் புதிது வாங்கினார். வண்டி கிளம்பியது. இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே 'டிக்' சத்தம். அப்போதுதான் மீட்டரைக் கையில் எடுத்தேன். அன்று கிடைத்த அளவுகளைப் பின்னால் தருகிறேன்.

எர்த் என்றால் என்ன?

பம்ப்செட் வைத்திருப்போருக்கு எர்த் என்றதும் நினைவுக்கு வருவது கரியும் உப்பும் கொட்டிய குழியும் அதில் புதைத்த குழாயும்தான். அது வேறு, இது வேறு. பம்ப்செட்டின் எர்த், மோட்டாரின் உடலில் மின்சாரம் கசிந்தால் ஆளைக் கொல்லாமல் மண்ணுக்குள் இறக்கிவிடுவதற்காக உள்ளது. கோளாறு இல்லாத நாளில் அதன் வழியே மின்சாரம் ஓடுவதில்லை. டிராக்டரோ ரப்பர் டயரின் மேல் நிற்கிறது. அதன் எர்த்துக்கும் மண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

டிராக்டரில் பேட்டரியிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் ஒரு வயர்தான் போகிறது. மின்சாரம் திரும்பி வருவதற்கு எஞ்சின், கியர்பாக்ஸ், மட்கார்டு ஆகிய இரும்பு உடலையே வழியாக வைத்துவிட்டார்கள். அந்த உடலுக்கும் பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் இடையே ஒரு தடித்த கேபிளோ செம்புக் கம்பிப் பின்னல் பட்டையோ இருக்கும். அதுவே எர்த். போகும் வழி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் திரும்பும் வழியும். வடிகால் அடைத்த வயலில் மதகை எவ்வளவு திறந்தாலும் பயனில்லை அல்லவா?

டிராக்டரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் அச்சும் ஒன்றோடொன்று போல்ட்டால் இறுகிய ஒரே இரும்பாக இருப்பதால் நமக்குச் சற்று வசதி. சிறு சரக்கு வண்டியிலும் லாரியிலும் எஞ்சின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கு ஒரு பட்டை, சேஸிஸிலிருந்து எஞ்சினுக்கு ஒரு பட்டை, கேபினுக்கு வேறொன்று என்று பல இருக்கும். எஞ்சினுக்குப் போகும் பட்டை அறுந்தால் செல்ஃப் மோட்டாரின் மின்சாரம் வேறு வழி தேடி ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் போன்ற மெல்லிய கம்பிகளின் வழியே திரும்பப் பார்க்கும். அந்தக் கேபிள் தொட முடியாதபடி சுட்டால், உறை உருகிப் புகைந்தால், கேபிளை மட்டும் மாற்றிவிட்டுப் போகாதீர்கள். எர்த் பட்டையைத் தேடுங்கள்.

விளக்கு எரிகிறதே, செல்ஃப் ஏன் எடுக்கவில்லை?

உழவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான். இதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவையெல்லாம் எளிது.

உங்கள் வாய்க்காலின் நடுவே ஒரு குழாய்ப் பாலம் இருப்பதாகக் கொள்வோம். அதன் வாயில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது. கடைமடையில் தண்ணீரை எடுக்காமல் அடைத்து வைத்திருக்கும்போது, குழாய்க்கு மேற்கேயும் கிழக்கேயும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அடைப்பு இருப்பதே தெரியாது. ஒரு பாத்திக்குச் சிறு மடை திறந்தால் மட்டம் ஒரு விரற்கடை குறையலாம். முழு மதகையும் திறந்தால்தான் மேற்கே முழங்கால் மட்டமும் கிழக்கே கணுக்கால் மட்டமுமாக நிற்கும். அடைப்பு அதே அடைப்புத்தான்; ஓட்டம் கூடும்போது மட்டும் தன்னைக் காட்டிக்கொள்கிறது.

மின்சாரத்திலும் இதே கதை. தண்ணீரின் மட்டம் போன்றது மின் அழுத்தமாகிய வோல்டேஜ். ஓட்டம் போன்றது ஆம்பியர். அடைப்பு போன்றது மின்தடை. ஓட்டத்தை மின்தடையால் பெருக்கினால் அந்த இடத்தில் இழக்கும் வோல்டேஜ் கிடைக்கும். ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827ஆம் ஆண்டு வெளியிட்ட விதி இது. துருப்பிடித்த எர்த் போல்ட்டில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை உள்ளதாகக் கொள்வோம். 5 ஆம்பியர் இழுக்கும் விளக்குக்கு அங்கே இழப்பு 0.05 வோல்ட்தான்; விளக்கு பளிச்சென்று எரியும். செல்ஃப் மோட்டார் டீசல் எஞ்சினைச் சுற்ற 200 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும். அதே இடத்தில் அப்போது இழப்பு 2 வோல்ட். பன்னிரண்டு வோல்ட் வண்டிக்கு இது பெரிய இழப்பாகும்.

ஆகவே, வண்டி சும்மா நிற்கும்போது மீட்டரை வைத்துப் பார்த்து 'எர்த் நன்றாக இருக்கிறது' என்று முடிவு கட்டுவது பயனற்ற வேலை. மீட்டரில் ஓம் அளக்கும் பகுதியும் இதற்கு உதவாது. சாதாரண மீட்டர் அவ்வளவு சிறிய தடையைச் சரியாகக் காட்டுவதில்லை. முழு மதகும் திறந்திருக்கும்போது, அதாவது செல்ஃப் சுற்றும் அந்த நான்கைந்து விநாடிகளில், ஒவ்வொரு இணைப்பிலும் எத்தனை வோல்ட் இழக்கிறோம் என்று அளப்பதே சரியான சோதனை.

தேவையானவையும் தற்காப்பும்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். அதை நேர் மின்சார வோல்டேஜில், 20 வோல்ட் அளவில் வைத்துக்கொள்ளவும். இவற்றுடன் ஸ்பேனர்கள், கம்பி பிரஷ், உப்புத்தாள், சமையல் சோடா, கொஞ்சம் வாசலின். சாவியைத் திருப்ப ஓர் ஆள் வேண்டும்.

முதலில் கியரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கைப் போட்டு, பி.டி.ஓ.வை விடுவித்துக்கொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தே வைத்திருந்தால் செல்ஃப் சுற்றினாலும் எஞ்சின் கிளம்பாது. சாவியால் நிற்கும் வண்டியானால் டீசல் அடைக்கும் சாலினாய்டின் வயரைக் கழற்றி வைக்கலாம். ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம். இடையே ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றி வெடிக்கக்கூடியது. ஆதலால் பீடி, சிகரெட், தீக்குச்சி அருகே கூடாது. கையில் மோதிரமோ காப்போ இருந்தால் கழற்றிவிடுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் வயரை முதலிலும், மாட்டும்போது எர்த் வயரைக் கடைசியிலும் கையாள வேண்டும். அப்போதுதான் ஸ்பேனர் தவறி வண்டியின் உடலில் பட்டாலும் தீப்பொறி பறக்காது.

இன்னொன்றைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டும். செல்ஃப் எடுக்காதபோது, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் நின்றுகொண்டு, செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் சேர்த்துக் கிளப்பும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கியர் விழுந்திருந்தால் கிளம்பிய கணமே டிராக்டர் நகரும். நிற்பவர் மேலேயே சக்கரம் ஏறும். இருக்கையிலிருந்து சாவியால் கிளப்பும்போது காப்பாற்றும் பாதுகாப்பு ஸ்விட்ச் எதுவும் இந்த முறையில் வேலை செய்யாது. உலகெங்கும் இவ்வாறு உயிர் போயிருக்கிறது. எர்த் கோளாறைச் சரிசெய்யாமல் தள்ளிப்போடுகிறவர்தான் ஒரு நாள் இந்த ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கிறார்.

அளக்கும் முறை

முதலில் பேட்டரியின் ஓய்வு வோல்டேஜ். இரவு முழுவதும் நின்ற வண்டியில் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து அளக்கவும். 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால், 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே போனால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்றச் சோதனைகளைச் செய்ய வேண்டும். மூடி திறக்கும் பேட்டரியானால் ஹைட்ரோமீட்டரைக் கொண்டு ஆறு அறைகளையும் பாருங்கள். ஐந்து அறைகள் ஒத்திருந்து ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்தால் அந்தப் பேட்டரியின் ஆயுள் முடிந்தது. அதற்கு மேல் அதோடு போராட வேண்டாம்.

அடுத்து, செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் இரண்டு ஈயக் கொம்புகளுக்கு இடையே அளக்கவும். மீட்டரின் முள்ளை வயரின் கவ்வியில் வைக்காமல் ஈயக் கொம்பின் தலையிலேயே வைக்க வேண்டும் என்பதைக் கவனிக்கவும். இதைத் தவறவிட்டால் சோதனையே வீண். நல்ல சார்ஜில் உள்ள பேட்டரி இப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது. அதற்கும் கீழே விழுந்தால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் இறுகி அளவுக்கு மீறி இழுக்கிறது. மாறாக, கொம்புகளில் 11 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கிறது, ஆனாலும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரியின் மேல் பழி இல்லை. வழியில் அடைப்பு இருக்கிறது. அல்லது செல்ஃப் மோட்டாருக்குள்ளேயே பிரஷ் தேய்ந்திருக்கிறது.

விளக்கு மங்குவதைக் கண்டு ஏமாறுவது இங்கேதான். பேட்டரியின் எர்த் பட்டை கெட்டிருந்தால், விளக்கின் மின்சாரமும் அதே பட்டையின் வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஆகவே செல்ஃப் இழுக்கும்போது பேட்டரி நன்றாக இருந்தும் விளக்கு மங்கும். விளக்கைப் பார்த்துப் பேட்டரியின் நிலையைச் சொல்ல முடியாது. கொம்பில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

இப்போது எர்த் பக்கம். மீட்டரின் ஒரு முள்ளை நெகடிவ் கொம்பிலும் மறு முள்ளைச் செல்ஃப் மோட்டாரின் உடலில் வர்ணம் இல்லாத இடத்திலும் வைத்து, செல்ஃபைச் சுற்றச் சொல்லவும். மீட்டர் காட்டுவது திரும்பும் வழி முழுவதிலும் ஏற்படும் இழப்பு. 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் சரிசெய்தே ஆக வேண்டும். சாவியைத் திருப்பியதும் கிட்டத்தட்ட 12 வோல்ட்டே காட்டினால் அந்த வழி அடியோடு அறுந்திருக்கிறது. பிறகு இதே போல் பாஸிடிவ் கொம்புக்கும், செல்ஃப் மோட்டாரில் தடித்த வயர் வந்து சேரும் போல்ட்டுக்கும் இடையே. இங்கே 0.5 வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால், வாய்க்காலில் அடைப்பைத் தேடுவது போல் முள்ளைப் படிப்படியாக நகர்த்துங்கள். கொம்பிலிருந்து கவ்விக்கு எவ்வளவு? கவ்வியிலிருந்து கேபிளின் மறுமுனைக்கு எவ்வளவு? அந்த முனையிலிருந்து அது இறுகியுள்ள இரும்புக்கு எவ்வளவு? அதிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு எவ்வளவு? சாதாரணமாக ஓர் இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கு மேல் இழக்கக் கூடாது. எண் எங்கே திடீரென்று எகிறுகிறதோ அங்கே ஸ்பேனரை வைக்கலாம்.

எங்கள் வண்டிக்கு வருவோம். செல்ஃப் இழுக்கும்போது பேட்டரிக் கொம்புகளில் 11.4 வோல்ட். எர்த் பக்கம் 3.2 வோல்ட் இழப்பு. பாஸிடிவ் பக்கம் 0.3. ஆக, செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர்ந்தது 7.9 வோல்ட் மட்டுமே. முள்ளை நகர்த்தியபோது இழப்பில் பெரும்பகுதி எர்த் பட்டையின் கீழ்முனைக்கும் அது இறுகியிருந்த இரும்புக்கும் இடையில் இருந்தது. கழற்றிப் பார்த்தேன். பட்டையின் கீழே நான் பொங்கலுக்குப் பூசிய வர்ணம் பளபளத்தது! பட்டையைக் கழற்றி, இரும்பு முழுவதும் அழகாக வர்ணம் அடித்து, அதன் மேலேயே திரும்ப முடுக்கியிருக்கிறேன். போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் தொடர்பு இருந்து, அதுவும் துருவால் நாளுக்கு நாள் குறைந்து வந்திருக்கிறது. புதுப் பேட்டரியின் கூடுதல் பலம் அந்த அடைப்பை இரண்டு வாரம் மறைத்துவிட்டது, அவ்வளவே. கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்ட பழைய பேட்டரியை எண்ணி என் தந்தையார் இன்றும் என்னைக் கேலி செய்வதுண்டு.

சுரண்டிச் சுத்தம் செய்த பின் அளந்தபோது எர்த் பக்கம் 0.1 வோல்ட், பாஸிடிவ் பக்கம் 0.4, பேட்டரிக் கொம்புகளில் 10.6. பேட்டரியில் முன்னைவிடக் குறைந்துவிட்டதே என்று திகைக்க வேண்டாம். இப்போதுதான் ஓட்டம் முழு அளவில் இருக்கிறது; அதனால் பேட்டரியும் கூடுதலாக இறங்குகிறது. செல்ஃபுக்குக் கிடைத்தது 10.1 வோல்ட்.

மீட்டர் கைவசம் இல்லாதபோது, மற்றொரு வண்டிக்குச் சார்ஜ் கொடுக்கும் தடித்த ஜம்பர் கேபிள் ஒன்றால் நெகடிவ் கொம்பையும் செல்ஃப் மோட்டாரை எஞ்சினில் பிணைக்கும் போல்ட்டையும் நேரே இணைத்து, இருக்கையிலிருந்து சாவியைத் திருப்பிப் பாருங்கள். செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றினால் எர்த்தான் குற்றவாளி. அவசரத்துக்கு அன்றைய உழவையும் இப்படியே முடித்துக்கொள்ளலாம். முதலில் போல்ட்டிலும் பிறகு கொம்பிலுமாக மாட்டவும்.

சரிசெய்யும் முறை

கவ்வியில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியின் மேல் சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றினால் நுரைத்து அடங்கும். சோடா நீர் பேட்டரியின் அறைகளுக்குள் இறங்காதபடி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். கழுவித் துடைத்து, கொம்பையும் கவ்வியின் உட்பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். எர்த் போல்ட் இறங்கும் இடத்தில் வர்ணத்தையும் துருவையும் ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்காவது வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்ட வேண்டும். பல் வாஷர் போட்டு முடுக்கிய பிறகே மேலே வாசலினோ கிரீஸோ தடவவும். முன்னதாகத் தடவி முடுக்குவது பலர் செய்யும் தவறு. அடியில் உலோகத்தோடு உலோகம் பொருந்த வேண்டும், பூச்சு வெளியே காவல் நிற்க வேண்டும்.

வெளியே நன்றாகத் தெரியும் கேபிளும் உள்ளே செத்திருக்கக்கூடும். வளைத்தால் மொடமொடவென்று இருந்தாலோ, முனையில் உறையைச் சற்று விலக்கினால் செம்புக் கம்பி பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தாலோ மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பம்ப்செட்டுக்கு வாங்கி மிஞ்சிய வயரைப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், ஒரு மீட்டர் நீளத்தில் 200 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 0.9 வோல்ட் இழப்பாகும். சூட்டில் உறையும் உருகும். 35 சதுர மில்லிமீட்டர் கேபிளில் அதே இழப்பு 0.1 வோல்ட்தான். ஆகவே 35க்குக் குறையாமல், வண்டியில் முதலில் இருந்த கேபிள் அதைவிடத் தடிமனானால் அந்த அளவிலேயே வாங்குங்கள். முனை லக்கை அழுத்துக் கருவியால் கடையிலேயே பிடித்துத் தரச் சொல்லவும். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் ஓராண்டில் தளர்ந்துவிடும்.

உரம் ஏற்றும் டிராக்டருக்கு இந்தக் கோளாறு விரைவில் வருவதற்குக் காரணம் உண்டு; இது என் பாடத்தைச் சேர்ந்தது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் யூரியா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். யூரியாவும் மூரியேட் ஆஃப் பொட்டாஷும் கலந்தால் 60 சதவீத அளவிலேயே கசியும். மழைக்கால இரவுகளில் நம் ஊர்க் காற்று இதையெல்லாம் எளிதில் தாண்டும். மட்கார்டிலும் பேட்டரித் தட்டிலும் சிந்திய உரத்தூள் இரவில் உப்பு நீராகி, செம்பையும் பித்தளையையும் இரும்பையும் அரிக்கிறது. யூரியா சிதையும்போது எழும் அம்மோனியாவும் செம்புக்குப் பகை. உரம் ஏற்றி வந்த அன்று மாலையே பேட்டரித் தட்டையும் எர்த் முனைகளையும் நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும். ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார் மேல் நேராகத் தண்ணீர் அடிக்காதீர்கள்.

சார்ஜ் ஏறுகிறதா?

எர்த் சரியாகியும் இரண்டு மூன்று நாளில் பேட்டரி இறங்கினால் சார்ஜ் பக்கம் பார்க்க வேண்டும். எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, பேட்டரிக் கொம்புகளில் அளக்கவும். 13.8 முதல் 14.4 வரை இருப்பது சரி. 13க்குக் கீழே நின்றால் ஃபேன் பெல்ட் தளர்வு, ஆல்டர்னேட்டரின் வயர், அதன் உடலின் எர்த் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு அதன் பிறகு ஆல்டர்னேட்டரைச் சந்தேகியுங்கள். 15ஐத் தாண்டினால் பேட்டரித் தண்ணீர் விரைவில் வற்றும். பல்புகள் அடிக்கடி போகும். டைனமோ உள்ள பழைய வண்டிகளில், கட்-அவுட் பெட்டியின் எர்த் வயர் தளர்ந்தாலே இப்படி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறுவதுண்டு.

இரவில் தானாக இறங்கும் பேட்டரிக்கு வேறு சோதனை. எல்லாவற்றையும் அணைத்து, எர்த் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாற்றி, வயருக்கும் நெகடிவ் கொம்புக்கும் நடுவே இணைக்கவும். பழைய டிராக்டரில் ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். அரை ஆம்பியர் ஓடினால்கூட ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி போகிறது. 88 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு வாரத்தில் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் எண் விழுகிறதோ அந்த வழியில் கசிவு. கொட்டகையில் நிற்கும் வண்டியானால் எலி கடித்த வயரும் கிடைக்கலாம். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது மறந்தும் செல்ஃபைத் திருப்பக் கூடாது, மீட்டர் கெட்டுவிடும்.

மிகப் பழைய வண்டி வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரிட்டனில் 1946 முதல் 1956 வரை செய்யப்பட்ட ஃபெர்குசன் டி.இ.20 போன்ற டிராக்டர்களில் பாஸிடிவ் முனைதான் உடலோடு எர்த் ஆகியிருந்தது. அத்தகைய வண்டியில் இக்காலப் பழக்கத்தில் நெகடிவை எர்த் என்று மாட்டினால் டைனமோவும் பிற கருவிகளும் கெடும். பழைய பேட்டரியைக் கழற்றுமுன் எந்த முனை உடலுக்குப் போகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். லாரிகளில் பெரும்பாலும் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுப்பதால், பேட்டரியின் ஓய்வு, சார்ஜ் அளவுகளை இரு மடங்காகக் கொள்ளவும். இரண்டுக்கும் நடுவே உள்ள சிறு கேபிளையும் அளக்க மறக்க வேண்டாம்.

டிரெய்லர் விளக்கு

டிரெய்லரின் பின்விளக்குக்குப் பல வண்டிகளில் ஒரே ஒரு வயர்தான் போகிறது. திரும்பும் வழி, டிரெய்லரைக் கோக்கும் இரும்புப் பின். அந்தப் பின்னில் கிரீஸும் சேறும் இருக்கும். வண்டி குலுங்கும்போது தொட்டும் விட்டும் ஆடும். அதனால்தான் பின்விளக்கு மினுக்கி மினுக்கி எரிகிறது. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்க விளக்குகளும் மங்கலாக எரிவதும், ஒரு பக்கம் இண்டிகேட்டர் போட்டால் மற்ற விளக்கும் சேர்ந்து துடிப்பதும் எர்த் இல்லாததன் அடையாளம். தன் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து விளக்கின் இழை வழியே திரும்பப் பார்க்கிறது.

இதற்குப் பல்பை மாற்றிப் பயனில்லை. டிரெய்லர் பிளக்கில் எர்த்துக்கென்று ஒரு முனை உண்டு, அதிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றை டிரெய்லரின் பின்சட்டம் வரை இழுத்து, ஒவ்வொரு விளக்கின் உடலோடும் இணைத்துவிடுங்கள். டிராக்டர் பக்கத்துச் சாக்கெட்டின் அதே முனை வண்டி உடலில் வெள்ளை இரும்பைத் தொட்டு நிற்க வேண்டும். இரவில் கரும்பு ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறுகிற வண்டியின் பின்னால், எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு அந்த இரண்டு சிவப்பு விளக்குகள்தான் வண்டியையே காட்டுகின்றன. சுமை ஏற்றிய பிறகு, புறப்படுமுன் ஓர் ஆளைப் பிரேக் மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய்ப் பாருங்கள். அப்போதே பின்னைக் கையால் ஆட்டியும் பாருங்கள். விளக்கு அசையாமல் எரிந்தால் கிளம்பலாம்.